எண்பத்தெட்டு தீபாவளிக்கு வந்த மூன்று படங்கள்

கணக்கு டீச்சரிடம் யாரும் சும்மா ஒரு பேச்சுக்குக்கூட "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட முடியாது. "அப்புறம்னா எப்ப? மூணாவது பீரியடுக்குப் பெறகா, சாயங்காலமா?" என்று கேட்டு, நேரத்தை வாங்கிக்கொண்டுதான் விடுவார். அந்த நேரத்துக்கு வந்தும் நிற்பார். "ஒரு பேச்சுக்குச் சொன்னேன் டீச்சர்" என்றால் அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு குழப்பம் வரும். சொல்வது தெரியும், சொல்லாமல் இருப்பது தெரியும், நடுவில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று நம்மைப் பார்ப்பார்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். அங்கே நான் பன்னிரண்டு வருஷம் சயின்ஸ் எடுத்தேன். நான் சேரும்போதே அவர் அங்கே பழம்பெரும் ஆள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர்கூட அவரைக் கணக்கு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நானும் இங்கே பேரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேரைப் போடச் சொல்லி உன்கிட்ட யாரு சொன்னது?" என்று போன் வரும். பதில் சொல்லி முடியாது.

ஒல்லியான உருவம். கஞ்சி போட்ட காட்டன் சேலை. வாட்ச்சின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும்படி கட்டியிருப்பார். கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி, அதில் ஒரு ஊக்கு. மழையோ வெயிலோ கையில் குடை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு வாசலில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே பிள்ளைகள் குனிந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். "என்ன டீச்சர், வெளிய நிக்கிறீங்க?" என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்துக்காட்டினார். பிறகு ஸ்டாஃப் ரூமில்தான் விஷயம் தெரிந்தது. பரீட்சை ஆரம்பிக்கும்போது, "மணி அடிக்கிற வரைக்கும் யாரு பேசுனாலும் அஞ்சு நிமிஷம் வெளிய நிக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். பத்து நிமிஷம் கழித்து ஒரு பிள்ளையின் பேனா உருண்டு விழ, இவர் வாயிலிருந்து "ஏ, பாத்து" என்று வந்துவிட்டது. அவ்வளவுதான், நேரே வாசலுக்குப் போய்விட்டார். ரவுண்ட்ஸ் வந்த சிஸ்டர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாராம். இவர் சிரிக்கவில்லை.

"பிள்ளைங்களைத்தான டீச்சர் சொன்னீங்க?" என்றேன்.

"யாரு பேசுனாலும்னு சொல்லிட்டேனே. பிள்ளைங்க பேசுனான்னு சொல்லிருந்தா நிக்க மாட்டேன்."

எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. நான் மூக்கின்மேல் கோபம் வைத்துக்கொண்டு திரிகிற ஆள். இப்படி வார்த்தையைத் தராசில் வைத்துப் பார்க்கிற மனிதர்களோடு ஒரு நாள்கூட ஒத்துப்போகாது என்று நினைத்தேன். ஒத்துப்போனது சினிமாவினால்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாஃப் ரூமின் நீள மேஜையில் தினமும் ஒரு சண்டை நடக்கும். சண்டைக்காரர்கள் மூன்று பேர். சமயநல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பி.டி. சார், டவுனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த தமிழய்யா, நான். விஷயம் ஒன்றேதான். எண்பத்தெட்டு தீபாவளிக்கு வந்த படங்களில் எது சிறந்த படம்.

ஏன் அந்த ஒரே வருஷம் என்று புதிதாக வருகிற டீச்சர்கள் கேட்பார்கள். அந்த வரம்பைப் போட்டது கணக்கு டீச்சர். ஆரம்பத்தில் எல்லா வருஷத்துப் படங்களையும் இழுத்துப்போட்டு நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம். ஒரு நாள் இவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "இப்படிப் பேசுனா ரிட்டயர்டு ஆகுற வரைக்கும் முடியாது. ஒரே வருஷத்தை எடுத்துக்கங்க. எண்பத்தெட்டு. அந்தத் தீபாவளிக்கு மூணு படம் வந்துச்சு. மூணுல எதுன்னு சொல்லுங்க, நான் மார்க் போடுறேன்" என்று சொன்னார். நாங்கள் மூன்று பேரும் அப்போது அரை டிராயர், பாவாடை சட்டை வயசு. ஆளுக்கொரு படம் மனசில் இருந்தது. அன்றிலிருந்து அவர்தான் நீதிபதி.

பி.டி. சாருக்கு லாரிப் படம். ஏமாற்றின முதலாளியைக் காப்பாற்றுவதற்காக வெள்ளத்துக்குள் திரும்பிப் போகிற லாரி டிரைவரின் கதை. தமிழய்யாவுக்குத் தபால்காரர் படம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திக்கு வருகிற கடிதங்களைத் தபால்காரர் வாசித்துக்காட்டுவார், கெட்ட செய்தியை எல்லாம் விட்டுவிட்டு. எனக்கு மண்டபப் படம். ஒரே மண்டபத்தில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்துக்குப் பத்திரிகை அச்சடித்துவிடுவார்கள். அந்தப் பந்திக் காட்சியைச் சொல்ல ஆரம்பித்தால் நான் பாதியிலேயே சிரித்து, சொல்ல முடியாமல் புரையேறி, யாராவது தலையில் தட்ட வேண்டியிருக்கும். "சிரிச்சதுக்கு மார்க் கெடையாது. என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்பார் கணக்கு டீச்சர்.

அவர் கேட்கிற கேள்விகள் ஒரு மாதிரியானவை. எந்த நடிகர் நன்றாக நடித்தார் என்று கேட்க மாட்டார். தபால்காரர் கடிதத்தை வாசிக்கும்போது அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாளா, நின்றுகொண்டிருந்தாளா? கையில் என்ன வைத்திருந்தாள்? முறத்தில் அரிசியா, சும்மாவா? விளக்கு எந்தப் பக்கம்? தமிழய்யா கண்ணை மூடி யோசித்துச் சொல்வார். இவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தீபாவளி லீவுக்கு முந்தின நாளும் பழைய டைம்டேபிள் தாளின் பின்பக்கம் மூன்று படத்துக்கும் நூற்றுக்கு மார்க் எழுதி ஒட்டுவார். ஒரு வருஷம் லாரி ஜெயிக்கும், ஒரு வருஷம் தபால்காரர். மண்டபம் எட்டு வருஷம் கடைசி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு நாள் அவரோடு பேசாமல்கூட இருந்திருக்கிறேன்.

ஒரு தடவை லாரிப் படத்தின் முடிவைப் பற்றி பி.டி. சாருக்கும் தமிழய்யாவுக்கும் முட்டிக்கொண்டது. பி.டி. சாரின் கட்சியே அந்த முடிவில்தான் நிற்கிறது. டிரைவர் வெள்ளத்துக்குள் போகிறான், லாரியின் விளக்கு தண்ணீருக்குள் எரிகிறது, படம் முடிந்தது. "செத்துப்போறான்யா! கெட்டவனுக்காகச் சாகுறான்! எந்தப் படத்துல காட்டுனான் இப்படி?" என்று மேஜையைத் தட்டுவார். அன்றைக்குத் தமிழய்யா மெதுவாக, "அவன் எங்க சார் செத்தான்? முதலாளியைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கரையேறி வாரான். முதலாளி அவன் கால்ல விழுறாரு. பெறகு கல்யாணம்" என்றார்.

மூன்று நாள் நடந்தது. பி.டி. சார் தமிழய்யாவைப் பொய்யர் என்றே சொல்லிவிட்டார். நான்காவது நாள் கணக்கு டீச்சர் விசாரணையைக் கையில் எடுத்தார்.

"சார், நீங்க எங்க பாத்தீங்க?"

"எங்க ஊருப் பக்கம் டூரிங் கொட்டகையில. மணல்ல உக்காந்து பாத்தேன்."

"எத்தனை மணிக்குப் படம் போட்டாங்க?"

"இருட்டணும்ல. ஏழு மணி."

"வீட்டுக்கு எப்படிப் போனீங்க?"

"ஒம்போதே முக்கால் பஸ்ஸு. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் அதுதான் கடைசி வண்டி. கொட்டகை வாசல்லயே வந்து நிக்கும். ஒரு நா கூட விட்டதில்ல."

கணக்கு டீச்சர் தமிழய்யா பக்கம் திரும்பினார். "ஐயா, டவுன் தியேட்டர்ல எம்புட்டு நேரம் ஓடுச்சு?"

"ரெண்டே முக்கால் மணி நேரம்."

"கொட்டகையில ஒரே மெஷினு. ரீல் மாத்த நாலு எடைவேளை விடுவாங்க. ஏழு மணிக்குப் போட்டா பத்து மணிக்குக் கொறஞ்சு முடியாது. ஒம்போதே முக்காலுக்கு எப்படி சார் பஸ் ஏறுனீங்க?"

பி.டி. சார் கையில் இருந்த மோர்மிளகாயைத் தட்டில் வைத்தார். முப்பது வருஷமாக இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவில்லை. பஸ்ஸுக்கு நேரமானால் கொட்டகைக்காரர்கள் கடைசி ரீலை ஓட்டாமல் "வணக்கம்" ஸ்லைடைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். ஜனங்களுக்குப் படம் போனாலும் பரவாயில்லை, பஸ் போகக் கூடாது. சமயநல்லூரைச் சுற்றி ஒரு தலைமுறையே கதாநாயகர்கள் எல்லோரும் செத்துப்போனதாக நினைத்து வளர்ந்திருக்கிறது.

"அப்ப நான் பாத்த படமெல்லாம்?" என்று பி.டி. சார் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. ஆறடி ஆள், குரல் அப்படி இறங்கிப்போனது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கணக்கு டீச்சர் சிரிக்காமல், "நீங்க எம்புட்டுப் பாத்தீங்களோ அம்புட்டுக்கு நீங்க சொன்னது சரி சார். முழு மார்க்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "அவரு எப்படிப் பாத்தாரோ அப்படியே இருக்கட்டும். யாரும் போன்ல எடுத்துக் கடைசி ரீலைக் காட்டக் கூடாது" என்றார். பி.டி. சாரும் பார்க்கமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்துவிட்டார்.

இதெல்லாம் நடந்த பிறகும் எங்களில் ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டாஃப் எல்லோரும் வேளாங்கண்ணிக்கு டூர் போனபோது பஸ்ஸில் படம் போட்டார்கள். அவர் டி.வி.க்கு நேர் கீழே, முதல் சீட்டில் போய் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்தால் கழுத்தை ஒடித்தாலும் படம் தெரியாது. வாந்தி வரும்போல என்று நான் எலுமிச்சம்பழம் கொடுத்தேன். "எனக்கு வாந்தி வராது" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். யாராவது போனில் சினிமாக் காட்சி எதையாவது காட்டினால் டிபன் பாக்ஸ் கழுவ எழுந்துவிடுவார். நாங்கள் கேட்காததால் அவர் சொல்லவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால், "நான் பார்த்த படம்" என்ற வார்த்தை அந்த மூன்று படங்களைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை.

கோச்சடையில் நான் வீடு கட்டிக் குடிபோன நாளையும் சொல்ல வேண்டும். முந்தின நாளிலிருந்து அடைமழை. வைகையில் தண்ணீர் வந்து தரைப்பாலத்தை அடைத்துவிட்டார்கள். பாதிப் பேர் வரவில்லை, வராதவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. பதினொரு மணிக்கு முழங்கால் வரை சேறோடு குடையைப் பிடித்துக்கொண்டு கணக்கு டீச்சர் வாசலில் நின்றார். எங்கெங்கோ சுற்றி, பாதி தூரம் நடந்து வந்திருக்கிறார். ஒரு வாய் காபி குடித்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கிளம்பிவிட்டார்.

"டீச்சர், இலை போட்டாச்சு, சாப்பிட்டுப் போங்க!"

"வாரேன்னு சொன்னேன், வந்துட்டேன். சாப்பிடுறேன்னு சொல்லலையே. தம்பி ஊர்ல இருந்து வந்திருக்கான், அவனுக்கு மத்தியானம் மீன் கொழம்பு வைக்கிறேன்னு சொல்லிட்டேன்."

தம்பியைப் பற்றி அவர் பேசுவது அபூர்வம். பேசினால் முகமே வேறாகிவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேனேஜர், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்பது வரை எங்களுக்குத் தெரியும். அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் தூக்கி வளர்த்தது. இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவர் ரிட்டயர் ஆன விழாவுக்கு அந்தத் தம்பி வந்தார். மீசை வைத்த, வாட்டசாட்டமான, சிரித்த முகம். பேசச் சொன்னதும் மைக்கைப் பிடித்து, "எங்க அக்கா எனக்காக எல்லாத்தையும் விட்டுச்சுன்னு சொல்லுவாங்க. அப்படியெல்லாம் இல்ல. அதுக்கு எது மேலயும் ஆசையே கிடையாது. நகை பிடிக்காது. சினிமான்னா சுத்தமா ஆகாது. நெனவு தெரிஞ்சதுல இருந்து ஒரு படம் பாத்து நான் பாத்ததில்ல. வீட்டுல டி.வி.யே கிடையாது" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். பாவம், அவருக்கென்ன தெரியும்.

எங்கள் வரிசையில் பி.டி. சார் என்னைப் பார்த்தார், நான் தமிழய்யாவைப் பார்த்தேன். கணக்கு டீச்சர் மேடையில் மாலையோடு, மடியில் வைத்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பன்னெண்டு வருஷமா நமக்கு மார்க் போட்டது படமே பாக்காத ஆளா?" என்றார் பி.டி. சார். காதோரம் சிவந்துவிட்டது. "என்னைய வெச்சு வேடிக்கை பாத்திருக்காங்க. கடைசி ரீலு, கடைசி ரீலுன்னு எம்புட்டுக் கேவலப்பட்டேன்!" எழுந்து போய்விட்டார். குரூப் போட்டோவில் அவர் இல்லை. அந்தப் போட்டோ என்னிடம் இருக்கிறது. கணக்கு டீச்சருக்கு வலப்பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு எடுத்திருக்கிறார்கள்.

எனக்கும் கோபம்தான். எட்டு வருஷம் என் படத்தைக் கடைசியில் போட்டவர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை என்றால் எப்படி இருக்கும்? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வந்திருப்பார் என்று கணக்குப் போட்டு, ஆரப்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். நிஜமாகவே டி.வி. இல்லை. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டேன்.

"எங்களை ஏமாத்திட்டீங்கள்ல டீச்சர்?"

"பாத்தேன்னு எப்பச் சொன்னேன்?" என்றார். பிறகு, "உள்ள வா. சொல்றேன். ஆனா தம்பிகிட்டச் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"தம்பிகிட்டச் சொல்ல மாட்டேன்."

அவரைப் போலச் சினிமாப் பைத்தியம் அந்தத் தெருவிலேயே இருந்ததில்லையாம். எந்தப் படமானாலும் முதல் நாள், பெண்கள் கவுன்டரில் முதல் ஆள். ஒரு படத்துக்கு நெரிசலில் ஒரு கை வளையல் முழுக்க உடைந்து, ரத்தத்தோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எண்பத்தெட்டு தீபாவளிக்கு மூன்று படம் வருகிறது, ஒரே வாரத்தில் மூன்றையும் பார்ப்பது என்று சிநேகிதியோடு பேசி வைத்திருந்தார். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு ஒன்பது வயசுத் தம்பிக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாளும் கண் திறக்கவில்லை. டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"வெளிய வெடிச் சத்தம். எதுத்த சுவருல மூணு படத்துப் போஸ்டரும் வரிசையா ஒட்டிருக்கான். வராண்டாவுல முட்டி போட்டேன். குடுக்குறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? பொருத்தனைன்னு நேந்துக்கிட்டா நமக்குப் பிடிச்சதைத்தான குடுக்கணும். எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான். இவன் உசுரோட இருக்குற வரைக்கும் நான் சினிமா பாக்க மாட்டேன்னு ஆண்டவர்கிட்டச் சொன்னேன். மறுநா காலையில, அக்கா தண்ணி குடுன்னான். காய்ச்சலுக்கு முந்தி நடந்தது எதுவும் அவனுக்கு நெனவுல இல்ல."

நான் செருப்பைக் கழற்றினேன்.

"அவனை நானே தியேட்டர் வாசல்ல கொண்டுபோய் விடுவேன். முடியறப்பப் போய்க் கூட்டிட்டு வருவேன். வழியெல்லாம் கதை சொல்லுடா, கதை சொல்லுடான்னு கெஞ்சுவேன். பயபுள்ள சண்டையை மட்டும் சொல்லுவான்." சிரித்தார். "பெறகு நீங்க வந்தீங்க. எம்புட்டு நல்லாச் சொன்னீங்க மூணு பேரும். கண்ணால பாக்க மாட்டேன்னுதான் சொல்லிருந்தேன், கேக்க மாட்டேன்னு சொல்லலை. அதான் கேட்டேன். அது தப்பாம்மா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, "அப்ப மண்டபத்துக்கு மட்டும் ஏன் எட்டு வருஷம் கடைசி மார்க்?" என்று சண்டை பிடித்தேன்.

"நீ ஒரு தடவையாச்சும் சிரிக்காம முழுசாச் சொன்னியா? எனக்கு அந்தப் படம் பாதிதான் தெரியும்."

தம்பிக்கு ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டேன். "அவன் பிள்ளைங்களோட வாரா வாரம் படத்துக்குப் போறவன். தெரிஞ்சா ஒவ்வொரு தடவையும் நெஞ்சுல குத்தும். நான் விட்டது எதுக்கு, அவன் நல்லா இருக்கத்தான?" என்றார்.

தம்பியிடம்தான் சொல்லமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அன்று சாயங்காலமே பி.டி. சாரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு தன் வீட்டுக் கொய்யாப்பழத்தை ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு டீச்சரிடம் போய், லாரிப் படத்தை முதலிலிருந்து, அதாவது கடைசி ரீல் நீங்கலாக, திரும்பச் சொல்லிவிட்டு வந்தாராம்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு ஒரு காலையில் திருப்பூரிலிருந்து போன். கம்பெனிக்குக் கிளம்பி வண்டியில் சாவியைப் போட்ட தம்பி அப்படியே சாய்ந்துவிட்டார். நாற்பத்தாறு வயசு. மதுரைக்குத்தான் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். கணக்கு டீச்சர் அழுததை நான் எழுத மாட்டேன். கல்லறையில் நிற்கும்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது, அதை எழுதிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. பொருத்தனை முடிந்துவிட்டதே என்று நினைத்தேன்.

அதே நினைப்பு பி.டி. சாருக்கும் வந்திருக்கிறது. முப்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு வாரம் கழித்து, மகனுடைய லேப்டாப்பில் லாரிப் படத்தை ஏற்றிக்கொண்டு என்னைக் கூப்பிட வந்தார். "அந்த அம்மா தனியா உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு. இதையாச்சும் பாக்கட்டும். அவங்க சொன்ன சொல்லுக்கும் குத்தம் வராது. இவன் இருக்குற வரைக்கும்னுதான சொல்லிருக்காங்க" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. முப்பத்தேழு வருஷம் ஒரு எழுத்துப் பிசகாமல் நின்றவருக்கு, அதே எழுத்து இப்போது கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. அவரை அறிந்தவர்கள் யாரானாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அவர் எங்களைப் பார்த்ததும் காபி போட எழுந்தார். பி.டி. சார் அவரை உட்காரச் சொல்லி, ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துத் திறந்தார். "டீச்சர், நானும் கடைசி ரீலு பாக்கலை. ரெண்டு பேரும் சேந்தே பாத்துருவோம்" என்றார். அந்தப் பெரிய உருவம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

கணக்கு டீச்சர் திரையைப் பார்க்கவில்லை. பி.டி. சாரைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வேணாம்மா. மூடச் சொல்லு."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காதே. "டீச்சர், நீங்க சொன்னது முடிஞ்சிருச்சு. உசுரோட இருக்குற வரைக்கும்னுதான் சொன்னீங்க. நீங்களே சொன்ன வார்த்தை" என்றேன்.

"முடிஞ்சிருச்சு. எனக்குத் தெரியாதா? குழிக்குள்ள எறக்குறப்பவே தெரியும்."

"பெறகென்ன?"

அவர் வாட்ச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"இப்ப நான் பாத்தா, இவன் எப்படா போவான்னு இம்புட்டு நாளும் காத்துக்கிட்டு உக்காந்திருந்தவ மாதிரில்ல ஆயிரும்."

பி.டி. சார் லேப்டாப்பை மூடி, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அவர் அதை இழுத்துக்கொண்டே இருந்தார்.